‘பாட்டு ஏன் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஓடுது?’ - டிஜே மேடையின் ‘ஆட்டோ பேன்’ எஃபெக்ட்... கடலூர், சிதம்பரம் மண்டபங்களில் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்?

கடலூரில் இருந்து சிதம்பரத்துக்கு தனியார் பஸ்ஸில் ஒருமுறையாவது போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஆலப்பாக்கம் தாண்டும்போது ஒரு பழைய பாட்டு ஓடும். நீங்கள் வலது பக்க ஜன்னல் சீட்டில் இருப்பீர்கள். தலைக்கு மேலே இருக்கும் ஸ்பீக்கரில் தபேலா மட்டும் நன்றாகக் கேட்கும். வயலின் எங்கேயோ எதிர் வரிசையில் இருந்து மெலிசாக வரும். எதிர் வரிசைக்காரருக்கு நேர் தலைகீழ். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஒரே பாட்டைத்தான் கேட்கிறீர்கள், ஆனால் ஒரே பாட்டைக் கேட்கவில்லை.

இந்த சின்ன விஷயத்தை மனசில் வச்சுக்கோங்க. இந்தக் கட்டுரை முழுக்க இதுதான் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

சில வருஷங்களுக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் ‘8டி ஆடியோ, ஹெட்போன் போட்டுக் கேளுங்க’ என்று பாட்டுகள் சுற்றியது ஞாபகம் இருக்கா? பாட்டு தலையைச் சுற்றிச் சுற்றி வந்தது போல இருக்கும். எட்டுப் பரிமாணம் எல்லாம் அதில் கிடையாது. பாட்டை இடதுக்கும் வலதுக்கும் தானாக நகர்த்திவிட்டு, மேலே கொஞ்சம் எதிரொலி சேர்த்தால் பெரும்பாலும் அதுதான் 8டி. அந்தத் தானாக நகர்த்தும் வேலைக்குப் பெயர்தான் ‘ஆட்டோ பேன்’. டிஜே மிக்சர்களில் இது பல வருஷமாக ஒரு எஃபெக்டாக இருக்கிறது. ஹெட்போனில் அசத்தும் அதே விஷயம், மஞ்சக்குப்பத்தில் ஒரு ரிசப்ஷன் மேடையில் போட்டால் ஏன் சில நேரம் ‘பாக்ஸ் ரிப்பேர்’ என்று திட்டு வாங்கித் தருகிறது? அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

அது என்ன ‘ஆட்டோ பேன்’?

முதலில் ‘பேன்’ என்றால் என்ன? மிக்சரில் ஒரு சத்தத்தை இடது ஸ்பீக்கருக்கு எவ்வளவு, வலது ஸ்பீக்கருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும் திருகு. நடுவில் வைத்தால் இரண்டிலும் சமமாக வரும். முழுக்க இடது பக்கம் திருப்பினால் வலது ஸ்பீக்கர் ஊமையாகிவிடும்.

இந்தத் திருகை யாரோ ஒருவர் தாளத்துக்குச் சரியாக விடாமல் இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இருக்கிறார் என்று வச்சுக்குவோம். அதுதான் ஆட்டோ பேன். அந்த ‘யாரோ ஒருவர்’ மிக்சருக்குள் இருக்கும் ஒரு மெதுவான அலை. இந்த அலையைக் காதால் கேட்க முடியாது. அது செய்வதெல்லாம் இடது பக்க ஒலியை ஏற்றும்போது வலது பக்கத்தை இறக்குவது, வலதை ஏற்றும்போது இடதை இறக்குவது. கிணற்றில் இரட்டை வாளி போட்டு இறைப்பது மாதிரி. ஒன்று மேலே வந்தால் இன்னொன்று கீழே போகும்.

இரண்டு வாளியும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் அது பேன் இல்லை, ‘ட்ரெமலோ’. சத்தம் மொத்தமாக நடுங்கும், நகராது. இந்த வித்தியாசம் பின்னால் தேவைப்படும்.

காது எப்படி ஏமாறுது?

உண்மையில் ஸ்பீக்கர் எதுவும் நகரவில்லை. நகர்ந்ததாக நினைப்பது நம் மூளை. ஒரு சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க மூளை இரண்டு தடயங்களைப் பார்க்கிறது என்று 1907-லேயே ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு விளக்கினார். ஒன்று, எந்தக் காதுக்கு முதலில் வந்தது. இரண்டாவது, எந்தக் காதில் சத்தம் அதிகம்.

முதல் தடயத்தின் நுணுக்கம் ஆச்சரியமானது. நேர் பக்கவாட்டில் இருந்து வரும் சத்தம்கூட ஒரு காதுக்கும் இன்னொரு காதுக்கும் இடையில் எடுத்துக்கொள்ளும் கூடுதல் நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். அதை மூளை பிடித்துவிடுகிறது. தாழ்ந்த சுருதிக்கு இந்த நேர வித்தியாசமும், கீச்சுச் சுருதிக்கு அளவு வித்தியாசமும் முக்கியம். கீச்சுச் சத்தத்தை நம் தலையே மறைத்து நிழல் போட்டுவிடும். பேஸ் சத்தம் தலையைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

ஆட்டோ பேன் இதில் அளவை மட்டும்தான் மாற்றுகிறது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் நிற்பவருக்கு அந்த ஒரு தந்திரமே போதும். சத்தம் காற்றில் நடந்துபோவது போலவே இருக்கும். நடுவில் நிற்பவருக்கு, என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்.

தியேட்டரில் பிறந்த யோசனை

ஸ்டீரியோவின் கதை ஒரு சினிமா தியேட்டரில் தொடங்கியதாகச் சொல்வார்கள். இங்கிலாந்தில் இஎம்ஐ நிறுவனப் பொறியாளர் ஆலன் ப்ளூம்லைன் படம் பார்க்கப் போனார். திரையில் நடிகர் ஒரு ஓரத்தில் இருக்கிறார், குரலோ ஒரே இடத்தில் இருந்து வருகிறது. இது அவருக்கு உறுத்தியது. 1931 டிசம்பரில் ஸ்டீரியோ ஒலிக்கான காப்புரிமை விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டார். 1935-ல் ஹேய்ஸ் ரயில் நிலையத்தில் ரயில்கள் போவதைப் படமெடுத்து, சத்தமும் கூடவே நகர்வதைக் காட்டினார்.

1940-ல் வால்ட் டிஸ்னியின் ‘ஃபேன்டேசியா’ படத்துக்கு, சத்தத்தை ஸ்பீக்கர் விட்டு ஸ்பீக்கர் நகர்த்தும் திருகு உருவாக்கப்பட்டது. இன்றைய பேன் திருகின் பாட்டன் அது. 1970-களில் ரோட்ஸ் எலெக்ட்ரிக் பியானோவின் சூட்கேஸ் மாடலில் ‘வைப்ரேட்டோ’ என்று எழுதிய ஒரு வசதி இருந்தது. பெயர்தான் வைப்ரேட்டோ, செய்தது ஆட்டோ பேன். இரண்டு பக்க ஸ்பீக்கருக்கும் சத்தம் மாறி மாறிப் போகும்.

நம்ம ஊரில்? 1978-ல் வந்த ‘பிரியா’ படப் பாடல்கள்தான் ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படப் பாடல்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இசை இளையராஜா. அதற்குப் பிறகு கேசட் காலத்தில் டீக்கடைகளில்கூட இரண்டு ஸ்பீக்கர் மாட்டினார்கள். ஒன்று கடைக்குள்ளே, இன்னொன்று ரோட்டைப் பார்த்து. ஸ்டீரியோவின் கதி அப்போதே அப்படித்தான்.

மிக்சரில் எந்த பட்டன்?

பயனியர் டிஜேஎம்-600 மாதிரி பழைய மிக்சர் கையில் இருந்தால் ‘ஆட்டோ பேன்’ என்றே எழுதியிருக்கும். டிஜேஎம்-800-ல் ‘பேன்’. அதற்குப் பின் வந்த டிஜேஎம்-900 நெக்சஸ் 2-ல் அது இல்லை, அந்த இடத்தில் ‘பிங் பாங்’ இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. பிங் பாங்கில் மூலப் பாட்டு நடுவிலேயே நிற்கும், அதன் எதிரொலி மட்டும் இடம் வலமாகத் துள்ளும். ஆட்டோ பேனில் பாட்டே நகரும். கம்ப்யூட்டரில் பாட்டைத் தயார் செய்பவர்களுக்கு ஏபிள்டன் லைவ் மென்பொருளில் ‘ஆட்டோ பேன்’ தனியாக இருக்கிறது.

வேலை செய்யும் விதம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எஃபெக்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தச் சேனலுக்கு என்று சொல்ல வேண்டும். எத்தனை பீட்டுக்கு ஒரு சுற்று என்பதை பீட் பட்டனில் வைக்க வேண்டும். லெவல்/டெப்த் திருகில் எவ்வளவு ஆழம் என்று வைக்க வேண்டும். பிறகு ஆன்.

இதில் புதுசாக டிஜே பழகும் தம்பிகள் செய்யும் தப்பு, டெப்த்தை முழுக்கத் திருப்பிவிட்டு ஆன் செய்வது. முழு ஆழம் என்றால் ஒரு பக்கம் மொத்தமாக அணைந்துவிடும். பாதி ஆழம் வைத்தால் குறையும் பக்கம் சுமார் 6 டெசிபல்தான் இறங்கும். நகர்வும் தெரியும், பாட்டும் காணாமல் போகாது. மண்டபத்துக்கு அந்தப் பாதியே அதிகம்தான் என்பது எங்கள் கருத்து.

குத்துப் பாட்டுக்குக் கணக்கு வேற

ஒரு பாட்டு நிமிஷத்துக்கு 120 பீட் என்றால் ஒரு பீட்டுக்கு அரை விநாடி. நாலு பீட்டுக்கு ஒரு சுற்று என்று வைத்தால் சத்தம் இடதில் கிளம்பி வலதுக்குப் போய் திரும்பி வர 2 விநாடி. இது காதுக்குச் சுகம். அதையே பீட்டில் எட்டில் ஒரு பங்குக்கு வைத்தால் விநாடிக்கு 16 தடவை போய் வரும். அப்போது நகர்வாகவே தெரியாது, ‘டர்ர்ர்’ என்று பாட்டு நடுங்கும். பாட்டு உச்சத்துக்கு ஏறும் சில விநாடிகளில் வேண்டுமென்றே சிலர் அப்படிச் செய்வார்கள். அது வேறு ருசி.

ஆனால் மிக்சரில் இருக்கும் இந்த பீட் கணக்கெல்லாம் பாதி, கால், அரைக்கால் என்று இரண்டிரண்டாகப் பிரிப்பது. வெளிநாட்டு ஹவுஸ், டெக்னோ இசைக்கு அது சரி. நம்ம தப்பாங்குத்து பல நேரம் ஒரு அடிக்குள் மூணு மூணாக நடக்கும். தவிலிலும் பறையிலும் கேட்டுப் பாருங்கள், புரியும். அந்தப் பாட்டில் அரை பீட்டுக்கு பேன் வைத்தால், சத்தம் மாறும் இடமும் அடி விழும் இடமும் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொள்ளும். ஆடுகிறவர் கால் தடுமாறும், ஆனால் ஏன் என்று அவருக்குத் தெரியாது. குத்துப் பாட்டுக்கு 1, 2, 4 பீட் என்று முழு எண்ணில் வைப்பதே பாதுகாப்பு.

இன்னொரு சிக்கல். சில குத்துப் பாட்டுகளில் மிக்சரின் தானியங்கி பீட் எண்ணி ஏமாந்துவிடும். உண்மையான வேகத்துக்கு ஒன்றரை மடங்கையோ மூன்றில் இரண்டு பங்கையோ காட்டும். பழைய பாட்டுகளில் வேறு தொல்லை. மெட்ரோனோம் இல்லாமல் கலைஞர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்த காலம் அது. சரணத்தில் கொஞ்சம் வேகம் பிடிக்கும், பல்லவியில் தணியும். அதுதான் அந்தப் பாட்டின் உயிரும்கூட. அப்படிப்பட்ட பாட்டுக்கு டேப் பட்டனை விரலால் தாளத்துக்குத் தட்டி வேகத்தைச் சொல்லிக்கொடுப்பதே வழி.

மண்டபத்துக்குள்ள என்ன நடக்குது?

சிதம்பரம் மேல வீதிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் என்று வச்சுக்குவோம். மேடையின் இரண்டு ஓரத்திலும் பாக்ஸ். இரண்டுக்கும் நடுவில் 12 மீட்டர், அதாவது சுமார் 40 அடி. மாப்பிள்ளையின் பெரியப்பா இடது பாக்ஸுக்கு நேர் எதிரில் 3 மீட்டர் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நடுவில் இடமே இல்லை, அங்கே ஃபோட்டோகிராஃபரின் கிரேன் நிற்கிறது.

பெரியப்பாவுக்கு இடது பாக்ஸ் 3 மீட்டர். வலது பாக்ஸ் 12 மீட்டருக்கும் கொஞ்சம் மேல். தூரம் நாலு மடங்கு என்றால் திறந்த வெளிக் கணக்கில் சத்தம் 12 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே நமக்குச் சத்தம் பாதியாகத் தோன்றும். அதோடு வலது பாக்ஸ் சத்தம் அவருக்கு 27 மில்லி விநாடி தாமதமாக வேறு வரும். இப்படி இரண்டு சத்தம் அடுத்தடுத்து வந்தால் முதலில் வந்ததையே மூளை மூலமாக எடுத்துக்கொள்ளும். இதை ‘ஹாஸ் விளைவு’ என்பார்கள். ஆக, சாதாரணமாகப் பாட்டு ஓடும்போது பெரியப்பாவைப் பொறுத்தவரை அந்த மண்டபத்தில் ஒரே ஒரு பாக்ஸ்தான் இருக்கிறது.

இப்போது டிஜே ஆட்டோ பேனை முழு ஆழத்தில் போடுகிறார். அவர் நடுவில் இருக்கும் கன்சோலில், காதில் ஹெட்போனோடு நிற்கிறார். அவருக்குப் பாட்டு அழகாக ஊஞ்சல் ஆடுகிறது. பெரியப்பாவுக்கோ பாட்டு வருகிறது, போகிறது, வருகிறது, போகிறது. அவர் என்ன நினைப்பார்? ஒயர் லூஸ் என்றுதான். ‘தம்பி, இந்தப் பக்கம் பாக்ஸ் கட் ஆவுது பாரு’ என்பார். மைக் செட்காரப் பையன் ஓடி வந்து ஜாக்கைப் பிடுங்கி மறுபடி சொருகுவான். அதற்குள் எஃபெக்ட் முடிந்திருக்கும். ‘இப்ப சரியாயிடுச்சி’ என்று பெரியப்பா சொல்வார்.

கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் நிகழ்ச்சி முடிந்து பாக்கிப் பணம் வாங்கும்போது ‘பாட்டு நடுநடுவே நின்னுச்சே’ என்று ஒரு வார்த்தை வந்தால், அதில் அடிபடுவது அந்த சவுண்ட் சர்வீஸ்காரர். சாமான் எதிலும் கோளாறு இருந்திருக்காது. எஃபெக்ட் போட்டவர் யாரோ, கெட்ட பெயர் யாருக்கோ.

மண்டபம் எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். டைல்ஸ் தரை, கான்கிரீட் சுவர், மேலே தகரக் கூரை என்றால் சத்தம் சுவரில் மோதித் திரும்பித் திரும்பி வரும். வலது பாக்ஸின் எதிரொலி இடது பக்கம் வந்து ஓட்டையை ஓரளவு அடைத்துவிடும். வேகமான பேன் அந்த எதிரொலியில் கரைந்து சேறாகிவிடும், மெதுவான பேன்தான் தெரியும். கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் மாதிரி திறந்த மணல்வெளியில் இது தலைகீழ். மோதித் திரும்ப சுவரே கிடையாது. ஒரு பாக்ஸ் அடங்கினால் அந்தப் பக்கம் உண்மையிலேயே வெறும் அலைச்சத்தம்தான். அங்கே கடற்காற்றும் ஒரு கை பார்க்கும். காற்று போகும் திசையில் போகிற சத்தம் தரையை நோக்கி வளைந்து தூரம் வரை கேட்கும். எதிர்த்துப் போகிற சத்தம் மேலே வளைந்து சீக்கிரம் தேய்ந்துவிடும்.

ஸ்டீரியோவே இல்லாத இடத்தில்?

பல ஊர் மைக் செட்டுகள் மோனோவில்தான் ஓடுகின்றன. அதைக் குறையாகப் பார்க்க வேண்டாம், அது அனுபவ அறிவு. தெரு முழுக்கக் கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டும்போது யாருக்கு இடது, யாருக்கு வலது என்று பிரிப்பது? எல்லாக் குழாயிலும் எல்லாம் கேட்க வேண்டும். மின்கம்பி போல நீளமாக இழுத்து குழாய் மாட்டும் 100 வோல்ட் லைன் ஆம்ப்ளிஃபையர்கள் இந்த வேலைக்கே ஆனவை.

அப்படிப்பட்ட மோனோ செட்டில் ஆட்டோ பேன் போட்டால் என்ன ஆகும்? மிக்சர் எந்தக் கணக்கில் பேன் செய்கிறது என்பதைப் பொறுத்தது. இடதும் வலதும் கூட்டினால் எப்போதும் ஒரே அளவு வரும்படி செய்திருந்தால், மோனோவில் எதுவுமே கேட்காது. டிஜே பட்டனை அமுக்கிக்கொண்டே இருப்பார், ஊருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பவர் குறையாமல் இருக்கும்படி கணக்கு போட்ட பேன் என்றால், சத்தம் நடுவைத் தாண்டும்போதெல்லாம் 3 டெசிபல் ஏறி இறங்கும். முன்னே சொன்ன ட்ரெமலோ இங்கே வந்து நிற்கும், அதுவும் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை. இது இரண்டும் இல்லாமல், மிக்சரின் இடது ஜாக்கை மட்டும் ஆம்ப்ளிஃபையரில் சொருகி ‘மோனோ’ என்று ஓட்டினால்தான் ஆபத்து. பாட்டு வலதுக்குப் போகும்போது ஊரே நிசப்தமாகிவிடும். மாஸ்டரில் மோனோ/ஸ்டீரியோ சுவிட்ச் இருக்கும் மிக்சர் என்றால் அதை மோனோவில் வைத்து, பிறகு ஒரு ஜாக்கை எடுப்பதே சரி.

பேஸை நகர்த்தாதீங்க

60 ஹெர்ட்ஸ் பேஸ் சத்தத்தின் அலை நீளம் கிட்டத்தட்ட 5.7 மீட்டர், 19 அடி. நம் தலையின் அகலமோ ஒரு சாண் அளவு. இவ்வளவு பெரிய அலைக்குத் தலை ஒரு தடையே இல்லை. அதனால் பேஸ் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று காது சரியாகச் சொல்லாது. நகர்த்தினாலும் நகர்ந்ததாகத் தோன்றாது.

ஆனால் நஷ்டம் மட்டும் நிஜம். இரண்டு பக்க பேஸ் பாக்ஸும் ஒன்றாக அடிக்கும்போது, நடுவில் நிற்பவருக்கு ஒரு பாக்ஸ் தருவதைவிட 6 டெசிபல் வரை கூடுதலாகக் கிடைக்கும். பேன் செய்து ஒரு பக்கத்தை அணைத்தால் அந்த 6 டெசிபல் போச்சு. நெஞ்சில் ‘தம்’ என்று விழும் அடி காணாமல் போகும். ஆடுகிற கூட்டம் சுணங்கும். சில மென்பொருள் பேன்களில் இன்னொரு பக்கத்தை 3 டெசிபல் ஏற்றுவார்கள். 3 டெசிபல் என்றால் அந்தப் பக்க ஆம்ப்ளிஃபையர் இரண்டு மடங்கு பவர் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே சிவப்பு விளக்கு எரிய ஓட்டிக்கொண்டிருக்கும் செட்டில் அது பாக்ஸைப் பதம் பார்த்துவிடும்.

அதனால்தான் பேஸை நடுவில் விட்டுவிட்டு மேல் சுருதியை மட்டும் நகர்த்த வேண்டும். சலங்கை, ஜால்ரா, ஹை-ஹாட், ‘ஏய்’ என்று வரும் கோரஸ் குரல் இதெல்லாம் நன்றாக நகரும். நெக்சஸ் 2 போன்ற மிக்சர்களில் எஃபெக்ட் எந்தச் சுருதிப் பகுதிக்கு என்று லோ, மிட், ஹை பட்டன் தனித்தனியாக உண்டு. லோ பட்டனை அணைத்துவிட்டால் வேலை முடிந்தது. அந்த வசதி இல்லாத பழைய மிக்சர் என்றால், இன்ட்ரோ மாதிரி பேஸ் இல்லாத இடமாகப் பார்த்துப் போட்டுவிட்டு, அடி விழுவதற்கு முன்னால் அணைத்துவிடலாம்.

ஸ்டீரியோவில் வாத்தியங்களை ஓரம் ஓரமாகப் பிரித்து வைத்த பழைய பாட்டுகளில் இன்னொரு எச்சரிக்கை. பல ஆட்டோ பேன்கள் வாத்தியத்தை இடதில் இருந்து வலதுக்குத் தூக்கிக்கொண்டு போவதில்லை. இடது பக்கத்தை வெறுமனே அணைக்கின்றன, அவ்வளவுதான். வயலின் இடது பக்கம் மட்டும் இருந்தால் அது மொத்தமாக மறைந்து மறைந்து வரும். பஸ் கதைதான் மறுபடியும்.

ஒரு காதில் மட்டும் கேட்கிறவர்களுக்கு?

இதை யாரும் யோசிப்பதில்லை. ஒரு காது கேட்காதவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். ஹெட்போனில் 8டி பாட்டு போட்டால் அவர்களுக்கு அது பாதிப் பாட்டு. மண்டபத்தில் அவ்வளவு மோசம் இல்லை, இருக்கும் காதுக்கு இரண்டு பாக்ஸும் கேட்கும். ஆனால் நகர்வு என்ற அனுபவம் அவர்களுக்கு வராது, சத்தம் கூடிக் குறைவது மட்டும் வரும். ஃபோனில் இதற்கு ஒரு தீர்வு இருக்கிறது. ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும் அணுகல் வசதிகளுக்கான செட்டிங்ஸில் ‘மோனோ ஆடியோ’ என்று ஒன்று இருக்கும். அதை ஆன் செய்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே காதில் வரும். வீட்டில் தாத்தா பாட்டி யாருக்காவது ஒரு காது மந்தம் என்றால் இன்றைக்கே போட்டுக் கொடுங்கள்.

வீதிக்கு வந்தால்?

சிதம்பரத்தில் சத்தம் நகர்வதைக் கேட்க எஃபெக்ட் எதுவும் தேவையில்லை. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ராவுக்கும் தேர் நான்கு வீதியும் சுற்றி வரும்போது ஒரு திண்ணையில் உட்கார்ந்தால் போதும். நாதஸ்வரம் தூரத்தில் கேட்டு, நெருங்கி, முகத்துக்கு நேரே வந்து, மறு முனையில் திரும்பி மங்கும். நிஜமாகவே ஒரு மூலம் நகர்வதால் வரும் இன்பம் அது.

டிஜே பாக்ஸ் கட்டிய வண்டி வீதியில் வரும்போது கதை வேறு. வண்டியின் இடது பாக்ஸ் இடது வரிசை வீடுகளைப் பார்க்கிறது, வலது பாக்ஸ் வலது வரிசையைப் பார்க்கிறது. ஆட்டோ பேன் போட்டால் இரண்டு வரிசைக்கும் பாட்டை முறை வைத்துப் பங்கு போடுவது மாதிரிதான். வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்கும் நோயாளிக்கும் ஒரே சீராக வரும் சத்தத்தைவிட இப்படி ஏறி ஏறி இறங்கும் சத்தம் கூடுதல் எரிச்சல்.

சட்டம் எஃபெக்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, அளவைப் பற்றிச் சொல்கிறது. மத்திய அரசின் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் கூடாது. திருவிழா, கலை நிகழ்ச்சிகளுக்கு மாநில அரசு வருஷத்தில் மொத்தம் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால், அந்த இடத்தின் எல்லையில் அந்தப் பகுதிக்கான அளவைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இதில் எது குறைவோ அதுதான் உச்சம். தனியார் இடம் என்றால் 5 டெசிபல்தான் கூடுதல். மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றத்தைச் சுற்றி அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடங்களில் பகலிலேயே 50 தான். அண்ணாமலை நகர் மாதிரி பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் சேர்ந்த பகுதியில் நிகழ்ச்சி என்றால் முதலிலேயே காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. ‘சார், பேன் போட்டதால பாதி நேரம் சத்தமே இல்ல’ என்ற வாதம் அங்கே எடுபடாது. சத்தம் உங்கள் பக்கம் இருக்கும்போது மீட்டர் என்ன காட்டுகிறதோ அதுதான் பேசும்.

நிகழ்ச்சிக்கு முன்னாடி ஐந்து நிமிஷம்

கூட்டம் வருவதற்கு முன்னால் பாட்டை ஓடவிட்டு ஆட்டோ பேனை நாலு பீட்டுக்கு, பாதி ஆழத்தில் போடுங்கள். கன்சோலை விட்டு இறங்குங்கள். இடது பாக்ஸுக்கு முன்னால் முதல் வரிசை ஓர நாற்காலியில் உட்காருங்கள். பாட்டு அறுந்து அறுந்து கேட்டால் ஆழத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். பிறகு பந்தி நடக்கும் ஹாலுக்குள் போய்க் கேளுங்கள். அங்கே பெரும்பாலும் ஒரு பக்கத்து ஒயரை மட்டும் இழுத்து ஒரு சின்னப் பாக்ஸ் வைத்திருப்பார்கள். அதில் பாட்டு நின்று நின்று வந்தால், சாம்பார் ஊற்றுகிறவர் வரை எல்லோரும் மேலே அண்ணாந்து பார்ப்பார்கள். அந்த பாக்ஸுக்கு மோனோவில் லைன் கொடுக்கச் சொல்லி மைக் செட் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த எஃபெக்டைப் போடப்போகிறேன் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள், இல்லையென்றால் பாட்டு உச்சத்தில் இருக்கும்போது அவர் ஜாக்கைப் பிடுங்கிவிடுவார்.